வைரத்துக்கு ஹீட் நம்பர் உண்டா?



வைரம் என்றவுடன் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ராஜா கிரீடம், கோகினூர், கல்யாண வீட்டில் பெரிய இடத்து அம்மாக்கள் காதில் மின்னும் தோடு. நமக்கும் அதற்கும் ரொம்ப தூரம் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் மெக்கானிக்கல் பிரிவுக்காரர்கள் அத்தனை பேரும் வைரத்தைக் கையில் பிடித்தவர்கள்தான். கிரைண்டிங் வீல் மழுங்கிப் போனாலோ, இரும்புத் தூள் அடைத்துக்கொண்டாலோ, அதன் முகத்தைச் சீவிப் புதுசாக்க ஒரு டிரஸ்ஸர் வைத்திருக்கிறோமே, விரல் நீள ஸ்டீல் தண்டு, அதன் முனையில் மிளகை விடச் சின்னதாய் ஓர் அழுக்குக் கல், அது வைரம். பளபளப்பு கிடையாது. கீழே கிடந்தால் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவோம். மற்ற சாமான்களை டோக்கன் போட்டு வாங்கலாம்; டிரஸ்ஸருக்கு மட்டும் ரிஜிஸ்டரில் கையெழுத்து.

'இது எங்கேருந்து வந்துச்சு?' என்று கேட்பது என் பழக்கம். எங்கள் அப்பா குன்றத்தூர், மாங்காடு, பூந்தமல்லி என்று லோடு வண்டி ஓட்டுபவர். பில் இல்லாத மூட்டையை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். செக்கிங்கில் மாட்டினால் சரக்குக்காரர் போனையே எடுக்க மாட்டார், டிரைவர்தான் வெயிலில் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் டிரஸ்ஸரைப் பார்த்தபோதும் கேட்டேன். "டூல் கடையிலேருந்துப்பா" என்றார் ஒர்க் ஷாப் சார். "கடைக்கு எங்கேருந்து சார்?" "மும்பையிலேருந்து." "மும்பைக்கு?" சார் சிரித்துவிட்டார். "நீயே கண்டுபிடிச்சு ஆண்டு மலர்ல எழுது, நானும் படிக்கிறேன்" என்றார். சரி என்று இறங்கிவிட்டேன்.

போன லீவில் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்குப் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது மெஷினைப் பற்றி அல்ல, டேக் பற்றி. பச்சை டேக் என்றால் ஓகே, மஞ்சள் என்றால் நிறுத்தி வை, சிவப்பு என்றால் ரிஜெக்ட். டேக் இல்லாத தொட்டியை யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு டேக்கிலும் ஹீட் நம்பர் என்று ஒன்று எழுதியிருக்கும். சீனியர்களுக்குத் தெரியும், முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். உருக்காலையில் ஓர் உலையில் ஒரே தடவையில் உருக்கிய இரும்புக்கு ஒரு ஹீட் என்று பெயர். அதற்கு ஒரு நம்பர் போட்டு, கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சோதித்து ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். அந்த இரும்பு கம்பியாகி, ஃபோர்ஜிங் ஆகி, லேத்தில் கடைந்து, கிரைண்டிங்கில் தேய்ந்து, கடைசியில் ஒரு வண்டிக்குள் போய் உட்காரும் வரைக்கும் அந்த நம்பர் கூடவே போக வேண்டும். நாளைக்கு எங்கோ ரோட்டில் ஒரு ஷாஃப்ட் உடைந்தால், நம்பரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போய் அது எந்த உலை, எந்த நாள் என்று சொல்லிவிடலாம். அதே ஹீட்டில் செய்த மற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம். இரண்டு ஹீட் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால்? கலந்த தொட்டி முழுவதற்கும் சிவப்பு டேக்தான். பார்வைக்கு நல்ல பீஸாக இருந்தாலும் போச்சு.

இரும்புக்கே இந்தக் கதி என்றால் வைரத்துக்கு எவ்வளவு கட்டுக்காவல் இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைரம் வரும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். பூமிக்குள் ஆழத்தில் உண்டாகி, எரிமலைக் குழாய் வழியாக மேலே வந்த கல் இது. அந்தக் குழாயையே தோண்டுகிற பெரிய சுரங்கங்கள் ஒருபக்கம். மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போய்ப் பரப்பிய கற்களை, ஆற்றங்கரைச் சரளையில் சல்லடையும் மண்வெட்டியுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று தேடுகிற கூலிக்காரர்கள் இன்னொரு பக்கம். சியரா லியோன், காங்கோ போன்ற நாடுகளில் இப்படித் தேடுபவர்கள் ஏராளம். கிடைத்த கல்லை உள்ளூர்த் தரகர் வாங்குவார், அவரிடமிருந்து பெரிய தரகர், அங்கிருந்து ஏற்றுமதியாளர். பிறகு ஆண்ட்வெர்ப், துபாய் போன்ற சந்தைகள். ஒவ்வொரு இடத்திலும் கல்லைக் கொட்டிப் பிரிப்பார்கள். எப்படிப் பிரிப்பார்கள் தெரியுமா? அளவு, நிறம், வடிவம், சுத்தம் பார்த்து. எந்தக் குழியிலிருந்து வந்தது என்பது அங்கே கணக்கில் வராது. பத்து நாட்டுக் கல் ஒரே பொட்டலத்தில் சேர்ந்துவிடும். நம் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு ஸ்டேஜிலும் தொட்டிகளைக் கலக்கிறார்கள், அதுதான் அந்தத் தொழிலின் முறையே.

கடைசியில் சூரத். உலகத்தில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கைப்படி, பத்துக்குச் சுமார் ஒன்பது அந்த ஊரில்தான் தீட்டப்படுகின்றன. மஹிதர்புரா தெருவில் வெள்ளைத் தாளை மடித்த பொட்டலத்தை விரித்து வைத்து, நின்றபடியே வியாபாரம் நடக்கும். நம்ம ஊரிலும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய குடும்பங்கள் உண்டு. எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் பாட்டி அந்த வேலை செய்தவர். "கல்லு எங்கேருந்து வருதுன்னு யாரு கண்டா? கணக்குக்கு நூறு கல்லு கொடுப்பாங்க, நூறு திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்" என்பாராம். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்!

இது ஏன் பெரிய விஷயமாயிற்று? சியரா லியோனில் 1991லிருந்து 2002 வரை உள்நாட்டுப் போர். கலகக் கும்பல் வைர வயல்களைப் பிடித்துக்கொண்டு, கல்லைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியது. ஊர் மக்களைப் பயமுறுத்தக் கையை வெட்டினார்கள். குழந்தைகளைக்கூட விடவில்லை. அந்தக் கும்பலுக்குத் துணைபோன பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லருக்கு 2012இல் சர்வதேச ஆதரவோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம் 50 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வைரத்துக்கு மாற்றாக ஆயுதம் போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அங்கோலாவிலும் இதே கதை. 1998இல் குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு அதை அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் கடைக்காரர்கள் பயந்தார்கள். மோதிரம் வாங்குபவர்கள் 'ரத்த வைரமா இது?' என்று கேட்க ஆரம்பித்தால் வியாபாரம் படுத்துவிடுமே!

அதனால் 2000 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 2002 நவம்பரில் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. 2003 ஜனவரி 1 முதல் கிம்பர்லி சர்டிபிகேட் நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத கல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டுமானால், திறந்தால் தெரிந்துவிடும்படி சீல் வைத்த பெட்டி, அதோடு அரசாங்கம் கொடுத்த நம்பர் போட்ட சர்டிபிகேட், இரண்டும் வேண்டும். இத்திட்டத்தில் சேராத நாட்டோடு வியாபாரம் கூடாது. இந்தியா ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர். 2008லும் 2019லும் தலைமைப் பொறுப்பில் இருந்தது. நம் நாட்டில் இந்தச் சர்டிபிகேட் வேலையைப் பார்ப்பது ரத்தினம் நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நானும் முதலில் கைதட்டினேன். அப்புறம் விதிகளைப் படித்தால் அப்பாவின் லோடு வண்டிதான் ஞாபகம் வந்தது. பில்லில் 'அரிசி 20 மூட்டை' என்று இருக்கும். அரிசி என்று எழுதியது யார்? அனுப்பியவர்தான். டிரைவர் மூட்டையை எண்ணலாம், பிரித்துப் பார்க்க முடியாது. கிம்பர்லி சர்டிபிகேட்டும் அப்படியே பெட்டிக்குத்தான், கல்லுக்கு அல்ல. பல நாட்டுக் கல் கலந்த பெட்டி என்றால், எந்த நாடு என்ற இடத்தில் 'கலப்பு' என்று எழுதினால் போதும், அதற்கு விதி இடம் கொடுக்கிறது! ஒரகடத்தில் நான் பார்த்த ஸ்டோர்ஸ் அண்ணன் இதைக் கேட்டால் சிவப்பு டேக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருப்பார். பட்டை தீட்டிய பிறகு இந்தச் சர்டிபிகேட்டுக்கு வேலையே இல்லை. அதன் பிறகு வியாபாரிகள் இன்வாய்ஸில் 'இது மோதலில் சம்பந்தப்படாத கல்' என்று ஒரு வாசகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதையே விற்கும்போது திருப்பி எழுதுவார்.

இன்னொரு பெரிய ஓட்டை, வார்த்தையில் இருக்கிறது. மோதல் வைரம் என்றால் என்ன? சட்டப்படியான அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கலகக்காரர்கள் பணம் திரட்டுகிற வைரம், அவ்வளவுதான் விளக்கம். அரசாங்கமே அடித்தால்? ஜிம்பாப்வேயில் மராங்கே என்ற இடத்தில் 2006இல் வைரம் கண்டுபிடித்தார்கள். ஏழைகள் ஆயிரக்கணக்கில் தோண்ட ஓடினார்கள். 2008 கடைசியில் ராணுவம் உள்ளே புகுந்தது. 200 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2009இல் எழுதியது. சுட்டது கலகக்காரர் அல்லவே! கொஞ்ச காலம் நிறுத்தி வைத்துவிட்டு 2011 நவம்பரில் ஏற்றுமதிக்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த மாதமே, இந்தத் திட்டம் உருவாக உழைத்த குளோபல் விட்னஸ் அமைப்பு 'இனி நாங்கள் இதில் இல்லை' என்று வெளியேறியது. கூலி, விபத்து, குழந்தைத் தொழிலாளர், கெட்டுப்போன ஆறு எதுவும் அந்த விளக்கத்துக்குள் வராது. இத்தனைக்கும் அது ஒன்றுக்கும் உதவாத பேப்பர் என்று சொல்ல எனக்கு மனசில்லை. கலகக் கும்பல் பகிரங்கமாகக் கல்லை விற்றுத் துப்பாக்கி வாங்குவதை அது கஷ்டமாக்கியது. தனக்குத் தெரிந்ததை விட அதிகம் சொல்கிறது என்பதுதான் என் குறை.

நம் தமிழில் இதற்கு ஒரு பழைய கேஸ் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைத்தெருவை இளங்கோவடிகள் வர்ணிக்கும்போது வைரக்கல்லின் குற்றங்களை வரிசையாகச் சொல்வார், காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று. அந்தக் காலத்திலேயே அவ்வளவு துல்லியமான இன்ஸ்பெக்‌ஷன்! ஆனால் அதே மதுரையில் ஒரு சிலம்பு யாருடையது, யார் கை வழியாக வந்தது என்ற கேள்விக்குப் பொற்கொல்லன் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் கேட்கவில்லை. கோவலன் போய்ச் சேர்ந்தான். பிறகு கண்ணகி வந்து உடைத்துக் காட்டியபோது உள்ளே மாணிக்கம். ராணியின் சிலம்பில் முத்து. கல்லின் தரம் வேறு, கல் வந்த வழி வேறு. முதலாவதைப் பார்க்கக் கண்ணும் லென்ஸும் போதும். இரண்டாவதற்கு ஆரம்பத்திலிருந்தே கணக்கு வேண்டும். வைரத்தில் சங்கடம் என்னவென்றால், உடைத்துப் பார்த்தாலும் தெரியாது. பட்டை தீட்டிய ஒரு கல்லைக் கையில் கொடுத்து, இது எந்தச் சுரங்கம் என்று உறுதியாகச் சொல்லும் சுலபமான டெஸ்ட் கிடையாது.

வந்த வழி எப்படி மறந்துபோகும் என்பதற்கு நம் வீட்டு வார்த்தை ஒன்றையே சொல்கிறேன். வைரத்தோடு வாங்கிய வீடுகளில் 'ப்ளூ ஜாகர்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். ஒஸ்தியான, லேசாக நீலம் ஓடுகிற கல் என்று அர்த்தம் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி, "இது அந்தக் காலத்து ப்ளூ ஜாகர்டா" என்று மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டுச் சொல்வார். ஜாகர் என்றால் ஏதோ தரம் என்றே நானும் நினைத்திருந்தேன். அது ஓர் ஊர்! தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபொன்டைன் என்ற சுரங்க ஊர். 1893இல் 995 காரட் எடையுள்ள எக்ஸெல்சியர் வைரம் அங்கேதான் கிடைத்தது. ஒரு காரட் என்பது 0.2 கிராம், அப்படியானால் கிட்டத்தட்ட 200 கிராம், ஒரே கல். 1971இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு நகைக் கடையில் தரத்தின் பெயராக உட்கார்ந்துவிட்டது.

அந்த ஊருக்கு அப்புறம் என்ன ஆயிற்று? மலை போல் குவிந்த பழைய கழிவில் விட்டுப்போன வைரம் இருக்குமே என்று அதை மறுபடி அலசினார்கள். அலசிய சேற்றைக் கரை கட்டித் தேக்கி வைத்தார்கள். 2022 செப்டம்பர் 11 காலையில் கரை உடைந்தது. சாம்பல் நிறச் சேறு ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது, உயிரும் போனது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கிறார்கள் என்றால் குன்றத்தூர் பக்கம் எப்படிப் பதறுவோம் என்று நமக்குத் தெரியும். அங்கே வந்தது தண்ணீர்கூட இல்லை, சேறு. அந்தக் கழிவிலிருந்து எடுத்த கல்லுக்கு கிம்பர்லி விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. மோதல் இல்லையே!

எங்கள் வீட்டில் வைரம் கிடையாது. அம்மாவின் தோட்டில் வெள்ளைக் கல் இருக்கிறது, அமெரிக்கன் டைமண்ட். எனக்கு அட்மிஷன் பீஸ் கட்ட அதை அடகு வைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். தங்கத்தை உரசிப் பார்த்து, எடை போட்டு, "கல்லு எடை கழிச்சிடுவோம்மா, கல்லுக்கு ஒண்ணும் வராது" என்றார் கடைக்காரர். அம்மா தலையாட்டினார். அந்தத் தங்கத்துக்காவது ஒரு வழி வந்திருக்கிறது. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் புது ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருந்தாக வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் தூய்மை எவ்வளவு, எந்தக் கடைக்காரர், எங்கே சோதித்தது என்று வரும். அக்கா தங்கை கல்யாணத்துக்கு நகை வாங்குபவர்கள் அவசியம் தட்டிப் பாருங்கள். ஆனால் அந்த எண்ணும் சுரங்கம் வரைக்கும் போகாது.

சரி, ஆபத்துக் குறைந்த வைரம் என்று எதைச் சொல்வது? ஆபத்தே இல்லாத வைரம் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். ஒரு வழி, கல் பிறக்கிற இடத்திலேயே கணக்கை ஆரம்பிப்பது. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில் பன்னா இருக்கிறது. அங்கே சாதாரண விவசாயியும் கூலிக்காரரும் அரசாங்கத்திடம் சின்னத் துண்டு நிலம் குத்தகை எடுத்துத் தோண்டலாம். கிடைத்த கல்லை வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். எடை போட்டு, பதிவு செய்து, ஏலம் விட்டு, ராயல்டி கழித்து மீதியை அவருக்குக் கொடுப்பார்கள். எல்லாக் கல்லும் ஆபீசுக்கு வருகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் யார், எந்தக் குழி, என்ன எடை என்று முதல் நாளே எழுதுகிறார்களே, அது ஹீட் நம்பர் போடுகிற மாதிரிதான். கனடாவில் 1998இல் எக்காட்டி சுரங்கம் திறந்த பிறகு, அங்கே எடுத்த கல்லைத் தனியாகவே வைத்துப் பட்டை தீட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் லேசரில் நம்பர் பொறித்து விற்கும் பழக்கம் வந்தது. டி பீர்ஸ் கம்பெனி டிரேசர் என்ற பெயரில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கல்லின் பயணத்தையும் பதிகிறது. பெரிய கல்லுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகும். கடுகளவுக் கல்லுக்கு நம்பர் பொறித்தால் கல் விலையை விட நம்பர் விலை அதிகமாகிவிடும். நம் டிரஸ்ஸர் கல்லுக்கு யார் பொறிக்கப் போகிறார்கள்?

'எதுக்கு வம்பு, ஆப்பிரிக்க வைரமே வேண்டாம்' என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்ஸ்வானா 1966இல் சுதந்திரம் வாங்கியபோது மிக ஏழை நாடு. அடுத்த வருஷம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. அரசாங்கம் சுரங்கக் கம்பெனியில் சரிபாதிப் பங்கு வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்டியது. ஒட்டுமொத்தமாக வாங்க மறுத்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தான்.

இங்கேயே பாருங்கள். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ரஷ்ய வைரத்தை மோதல் வைரம் என்று கிம்பர்லி கூட்டத்தால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் விளக்கத்தில் கலகக்காரர் மட்டும்தானே. அதனால் ஜி-7 நாடுகள் தாங்களே தடை போட்டன. 2024 ஜனவரி 1 முதல் நேரடி இறக்குமதிக்கு, மார்ச் 1 முதல் வேறு நாட்டில் பட்டை தீட்டி வந்தாலும் ஒரு காரட்டும் அதற்கு மேலும் உள்ள கல்லுக்கு, செப்டம்பரில் அரை காரட் வரைக்கும் தடையை இறக்கினார்கள். வேறு நாடு என்றால் முக்கியமாக சூரத். ஏற்கெனவே அமெரிக்காவிலும் சீனாவிலும் வாங்குபவர்கள் குறைந்து தொழில் படுத்திருந்த நேரம். பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கும் தொழிலாளி, தன் கையில் இருக்கும் கல் எந்த நாடு என்று ஒருநாளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. கணக்கு வைக்காத தப்பு எங்கோ, கூலி போனது இங்கே. தடை தவறு என்று நான் சொல்லவில்லை. அடையாளம் இல்லாத கல்லைத் தடை செய்யும்போது எல்லாக் கல்லும் சந்தேகக் கல்லாகிவிடுகிறது; அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு வழி, செய்கிற வைரம். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் என்ற விஞ்ஞானி கார்பனிலிருந்து வைரம் செய்து காட்டினார். காற்றழுத்தத்தைப் போல் ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தம், 1,300 டிகிரிக்கு மேல் சூடு, ஓர் உலோகக் கரைசல், இதுதான் அந்த முறை. இன்னொன்று, மீத்தேன் வாயுவையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி, ஒரு மெல்லிய வைரத் துண்டின் மேல் கார்பனை அடுக்கடுக்காகப் படிய வைப்பது. வாரக்கணக்கில் வளரும். தொழிற்சாலைகளில் செலவாகும் வைரத்தில் மிகப் பெரும்பகுதி இன்று செயற்கைதான். கிரைண்டிங் வீலில் ஒட்டிய தூள், கான்கிரீட் அறுக்கும் பிளேடு, பிசிடி டிப் எல்லாம் அப்படியே. ஒற்றைக் கல் டிரஸ்ஸரில்தான் இயற்கைக் கல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் இந்த ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்து, சுமார் 242 கோடி ரூபாயை நம் ஐஐடி மெட்ராஸுக்குக் கொடுத்தார்கள். கிண்டிக்குப் பஸ் ஏறினால் போய்விடலாம்!

இங்கேதான் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். இரும்புக்கு ஹீட் நம்பர் எப்படி வந்தது? உருக்குவதால். ஆயிரம் இடத்துக் கனிமம் வந்தாலும் உலையில் ஒன்றாகி, அந்த நிமிஷம் புதுப் பிறவி எடுக்கிறது. அங்கே ஓர் ஆள் நின்றால் போதும், நம்பர் போட்டுவிடலாம். சுரங்கத்து வைரத்தை யாரும் உருக்குவதில்லை. அது எடுத்தபடியே கை மாறுகிறது, நம்பர் போட ஒரு வாசல் கிடையாது. செய்கிற வைரத்துக்கு அந்த வாசல் உண்டு. எந்த மெஷின், எந்த ரன், எந்தத் தேதி என்று எழுதலாம். ஆனால் அதற்கும் கரண்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது. நிலக்கரி எரித்த கரண்டில் வளர்த்துவிட்டுப் 'பசுமை வைரம்' என்று விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, செயற்கைக் கல்லை இயற்கைக் கல்லோடு சத்தமில்லாமல் கலந்து விற்கும் திருட்டும் நடக்கிறது. மறுபடி தொட்டிதான்!

உலை வாசல் என்ற யோசனையை வேறு சிலர் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். காங்கோவில் டின், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் ஆயுதக் கும்பல்களுக்குப் பணமானபோது, அமெரிக்கா 2010இல் ஒரு சட்டம் போட்டது. ஐரோப்பிய யூனியனின் சட்டம் 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. சுரங்கம் ஆயிரக்கணக்கில், தொழிற்சாலை ஆயிரக்கணக்கில். நடுவில் உருக்கும் ஆலைகளோ சில நூறுதான். அந்தக் குறுகிய கழுத்தில் தணிக்கை செய் என்றார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் போனுக்கும் காருக்கும் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு எக்ஸெல் ஃபாரம் வருவது இதனால்தான். உன் சாமானில் இந்த உலோகம் இருக்கிறதா, எந்த ஆலையில் உருக்கியது, ஆலையின் பெயர் என்ன என்று கேட்கும்.

போன வருஷம் பாஸ் பண்ணிப் போன நம் எலெக்ட்ரானிக்ஸ் அண்ணன் ஒருவர் அப்படி ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். முதல் ஃபாரம் வந்தபோது சூப்பர்வைசர், "போன வருஷ ஃபைலை காப்பி பண்ணி, தேதியை மட்டும் மாத்தி அனுப்புப்பா" என்றாராம். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் சால்டர் சப்ளையருக்கு ஒரு மெயில் போட்டார், 'உங்கள் டின் எந்த ஆலை?' என்று. பதில் வர பதினொரு நாள். வந்த லிஸ்டில் ஐந்து ஆலை. நான்கின் பெயர் தணிக்கை முடிந்த ஆலைகளின் பொதுப் பட்டியலில் இருந்தது. ஐந்தாவது இல்லை. போன வருஷ ஃபைலில் ஐந்துமே 'சரி' என்று இருந்தது.

"என்ன பண்ணீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"நாலுக்கு சரின்னு போட்டேன். அஞ்சாவதுக்கு 'விசாரணையில் உள்ளது'ன்னு போட்டு, சூப்பர்வைசர் டேபிள்ல வெச்சேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. இப்ப அந்த சப்ளையர் வேற ஆலையிலேருந்து வாங்க முடியுமான்னு பாத்துட்டிருக்கான்" என்றார்.

நம் டூல் ரூம் டிரஸ்ஸர் விஷயத்தில் நானும் கடைக்கு ஒரு கடிதம் எழுதி, சாரிடம் காட்டி, அனுப்பியிருக்கிறேன். இயற்கைக் கல்லா செயற்கையா, இயற்கை என்றால் எந்த நாட்டுப் பெட்டி, செயற்கைக் கல் வைத்த டிரஸ்ஸர் அதே அளவில் கிடைக்குமா, விலை என்ன என்று நாலு கேள்வி. மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. வந்தால் டூல் ரூம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன்.